மூன்றாவது அழைப்புக்கு முன்

சேந்தன்துறையின் பழைய முன்சீப் கோர்ட்டை ஹோட்டலாக மாற்றியவர்கள் சுவருக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்தார்கள், நீதிபதியின் மேடையில் கட்டில் போட்டார்கள், பதிவறையில் சாப்பாட்டு மேசைகளைப் பரப்பினார்கள், சாட்சிக் கூண்டைத் தேய்த்து வார்னிஷ் பூசி வாசலுக்கு நேரே நிறுத்தி, வருகிறவர்கள் சாவி வாங்கிக்கொள்ளும் இடமாக ஆக்கினார்கள். எல்லாம் முடிந்து முதல் விருந்தினர்கள் வந்து தங்கிய மறுநாள் காலை பத்தரை மணிக்கு, வராந்தாவில் யாருமே இல்லாத ஓர் இடத்திலிருந்து, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைப்போல, பெயர் கூப்பிடும் குரல் கேட்டது.

காரணம் தேடி ஊர் அதிகம் மெனக்கெடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மானேஜர் பிருந்தா, எலக்ட்ரீசியனை வைத்துச் சுவரிலிருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்தாள், மறுநாளும் கேட்டது. அந்தக் காலத்தில் நீதிபதிக்கு முன்னால் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த டவாலி, இறந்துபோன ராக்கப்பனின் குரல்தான் என்று சிலர் சொன்னதால், அவருடைய மகனைக் கூட்டிவந்து வராந்தாவில் நிறுத்தினார்கள். அவன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “எங்கப்பா கொரலு இல்ல. அவரு மூக்கால கூப்பிடுவாரு,” என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

முதன்முதலில் கூப்பிடப்பட்டவர் ஐஸ் கம்பெனி அருளப்பன். தோட்டக்காரன் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சிரித்தார். அன்று மத்தியானம் ரிவர்ஸில் வந்த லாரியைப் பார்த்து நிறுத்து நிறுத்து என்று அவர் தொண்டை கிழியக் கத்த, லாரி நிற்காமல் வந்து ஐஸ் தொட்டியை இடித்தது. டிரைவர் தன் காதில் எதுவும் விழவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். வீட்டில் மனைவி, மனுஷன் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று எண்ணி இரண்டு நாள் சமாதானம் செய்தாள். திருநெல்வேலி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது, உதடு அசைந்தது, நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் யாரையும் போய்ச் சேரவில்லை. மூன்று தரம் கூப்பிட்டும் போய் நின்று ‘ஆஜர்’ என்று சொல்லாதவனின் பேச்சு அதற்குப்பின் யார் காதிலும் விழாது என்பது ஊருக்கு அப்படித்தான் தெரியவந்தது. அருளப்பன் ஒரு சைக்கிள் மணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு இன்னும் சிலர் அப்படி ஆனார்கள், ஊர் அவர்களுக்கு, கோர்ட்டில் ஆஜராகாதவர்களைச் சொல்வதுபோல, எக்ஸ்பார்ட்டிக்காரர்கள் என்று பெயர் வைத்து, அவர்களோடு வாழப் பழகிக்கொண்டது. மளிகைக் கடைகளில் அவர்களுக்கென்று ஒரு சிலேட்டு தொங்கியது. கோவிலில் பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர்கள்தான் முதல் ஆளாக வரிசையில் நின்றார்கள், பங்குச் சாமியாரும் அவர்களுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், யாரோடாவது தீராத சண்டை உண்டா என்று கேட்டார்கள்.

ஏனென்றால் அந்தக் குரல் கூப்பிட்டதெல்லாம் கோர்ட்டுக்கே வராத வழக்குகள். அதைக் கண்டுபிடித்தவர் பேச்சிமுத்து, அதே கட்டடத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். பெயர்கள் இரண்டிரண்டாக வருகின்றன என்றும், முதலில் வருவது மனக்குறை உள்ளவர் பெயர், அவர்தான் வாதி, அடுத்து வருவது அந்தக் குறைக்குக் காரணமானவர் பெயர், அவர் பிரதிவாதி என்றும் அவர்தான் சொன்னார். கூண்டில் ஏறி ஆஜர் என்றால் போதும். யாரும் கேள்வி கேட்பதில்லை, தீர்ப்பும் இல்லை. வந்தவர் தன் தரப்பைச் சொல்லிவிட்டு இறங்கலாம், சொல்லாமலும் இறங்கலாம்.

குரல் காம்பவுண்டுக்கு வெளியே கேட்காது. முதல் அழைப்புக்கும் மூன்றாவதற்கும் நடுவே சுடச்சுட ஒரு டீயைக் குடித்து முடிக்கலாம், அதற்குமேல் முடியாது. துறைமுகத்திலிருந்து ஸ்கூட்டரில் பறந்தாலும் இரண்டு டீ தூரம். ஆகவே மனசாட்சியில் ஏதோ உறுத்துகிறவர்கள் எல்லாம் பத்தரை மணிக்கு வந்து முற்றத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். கூட்டத்தைப் பார்த்து பிருந்தா, அறை எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாட்ச்மேனை நிறுத்தினாள். சரி என்று ஊர் அறை எடுத்தது. பழங்கட்டடத்தில் தங்கிப் பார்க்க வந்த பெங்களூர்க்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவே, சொந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, தலையணையும் ஊறுகாய் பாட்டிலுமாக சேந்தன்துறைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். முன்பு கைதிகளை உட்கார வைக்கும் கொட்டடியாக இருந்து, இப்போது ஆறு கட்டில் போட்ட பொது அறையாக இருந்த இடத்தில், ஜன்னலோரக் கட்டில் கஸ்பாருடையது.

கஸ்பார் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். அவருடைய தொண்டையில்தான் அந்தக் கரையின் விலை இருந்தது. இரண்டு தரம் சொல்லிவிட்டு மூன்றாவது தரத்தை அவர் நாக்கில் வைத்துக்கொண்டு நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, இன்னொரு விலை தானாக ஏறும். விலை ஏற ஆள் இருக்கும்வரை மூன்றாந்தரம் சொல்லக்கூடாது, சொன்னபிறகு சாமியே வந்து கேட்டாலும் மாற்றக்கூடாது என்பது ஏலக் களத்தின் சட்டம். குரல் போனால் கஸ்பாருக்கு வலை இழுக்கவும் தெரியாது, துடுப்பு வலிக்கவும் தெரியாது. அதனால் விடியற்காலை ஏலத்தை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்.

அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது அப்பா சந்தியாகுவின் வள்ளம். அப்பா இறந்தபின் அதை விற்க வேண்டி வந்தது, கஸ்பாரே ஏலம் கூறினார். தங்கை வியாகுலம் தன் புருஷனுக்காக அதை எடுக்க நினைத்தாள். அவன் அதுவரை பிறத்தியார் போட்டில் போய்க்கொண்டிருந்தான். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போனவள் திரும்பிவரத் தாமதமாகிவிட்டது. இரண்டு தரம் சொல்லியாயிற்று. கோவில் மேட்டிலிருந்து மணலில் கால் புதையப் புதைய, வலதுகையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிவருவதைக் கஸ்பார் பார்த்தார். எதிரே நின்ற விசைப்படகு வியாபாரி வாட்ச்சைப் பார்த்தான். கஸ்பார் மூன்று தரம் என்றார். மூச்சிரைக்க வந்து நின்றவளிடம், எந்த ஏலக்காரரும் சொல்வதைத்தான் சொன்னார்: “மூணாந்தரம் சொன்ன பொறவு பேச்சுக் கெடையாது.” அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதற்குப்பின் அண்ணனோடு பேசவேயில்லை. அவள் புருஷன் கேரளாவுக்கு விசைப்படகு வேலைக்குப் போனான், இப்போதெல்லாம் சொந்த ஊருக்கு விருந்தாளியாகத்தான் வந்துபோகிறான். வியாகுலம் மீன் கூடையான வட்டியைத் தலையில் வைத்துப் பஸ் ஏறி, கடலில்லாத உள் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றாள். ஏலத்துக்கு வருவாள், விலை ஏற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்லச் சொல்வாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் திரும்பிய முதல் நாள் அன்று. கரை கொள்ளாத மீன். இருட்டில் ஆரம்பித்த ஏலக் கூறல் வெயில் ஏறியும் நிற்காமல், கஸ்பாரின் தொண்டை நைந்த கயிறாகியிருந்தது. கொட்டடிக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளித்துக்கொண்டிருக்கும்போது குரல் கேட்டது.

“சந்தியாகு மகள் வியாகுலம்!”

பக்கத்துக் கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பேச்சிமுத்து தாளை மடக்கினார். “ஒம்ம தங்கச்சிதான வே?”

கஸ்பார் தலையாட்டினார்.

“அவ இந்நேரம் எங்க இருப்பா?”

“சங்கன்விளைக்குப் போயிருப்பா. திரும்புற பஸ்சுல வந்துகிட்டிருப்பா.”

பேச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். குமாஸ்தாவின் பழைய பளபளப்பு முகத்தில் வந்தது. “அப்ப நீரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குக் கெளம்பும். வாதி வரலன்னா கேஸ் தள்ளுபடி. பிரதிவாதிய கூப்பிடவே கூப்பிடாது. இந்த மூட்டப்பூச்சிக் கட்டில்ல மாசக்கணக்கா கெடந்தீருல்லா, ஜெயிச்சீரு வே!”

“அவளுக்கு?”

“அவளுக்கு என்ன, ஒரு மணி வாங்கிக் குடும்.”

கஸ்பார் செம்பைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமும் தங்கை பேசாமல் இருந்தாள் என்றால், பேச அவளிடம் ஒன்று இருக்கிறது, என்றாவது ஒருநாள் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொல்லி ஏசுவாள் என்று அவர் நம்பியிருந்தார், பயந்தும் இருந்தார். இன்னும் அரை டீ நேரத்தில் அவள் எதைச் சொன்னாலும் தன் காதில் விழாது. மணி அடித்துக்கொண்டு மீன் விற்பாள். தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

பேச்சிமுத்து அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார்; ஊரில் யார் நம்பரும் அவரிடம் உண்டு, அண்ணனிடம்தான் தங்கை நம்பர் இல்லை. “எம்மா வியாகுலம், எங்க நிக்கே? ... ரயில்வே கேட்டா? ... எறங்கி ஓடியா தாயி, ஒன் பேரக் கூப்பிட்டாச்சு!” போனை இறக்கினார். “கேட்டு அடச்சிருக்காம். கூட்ஸ் வண்டி. நடந்து வந்தா மூணு டீக்கு மேல ஆவும். முடியாது வே.”

“சந்தியாகு மகள் வியாகுலம்!” என்று இரண்டாவது முறை கேட்டது.

கஸ்பார் முற்றத்துக்கு வந்தார். கடல் அலை உள்வாங்குவதைப்போல, காம்பவுண்டில் இருந்த காற்றெல்லாம் வராந்தாவின் அந்த வெற்றிடத்தை நோக்கி இழுபடுவது முற்றத்து வேப்ப மரத்தின் இலைகளில் தெரிந்தது. மூன்றாவது அழைப்புக்கு முன் அது எப்போதும் மூச்சை உள்ளே இழுக்கும். சமையலறைக்குப் போகிற வழியில், சாவி வாங்கும் கூண்டின் பக்கத்தில், காலையில் வந்த மீன் கூடை இருந்தது. கஸ்பார் அதிலிருந்து ஒரு பாறை மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டின் படியில் பொத்தென்று போட்டார்.

“பாறை! முதல் நாள் பாறை! கண்ணு சிவக்கல, செவுளு கருக்கல! கேளுங்க!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். யாருக்கும் விளங்கவில்லை. பேச்சிமுத்துவுக்குத்தான் முதலில் விளங்கியது; அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, “நான் கேக்கேன், நூறு!” என்றார்.

“நூறு! ஒரு தரம்...”

வேப்ப இலை அசையாமல் நின்றது. உள்ளே இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. கோர்ட்டு முற்றத்தில் ஒரு கூறல் நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு மேல் இன்னொரு கூறல் கூடாது என்று அதற்கும் தோன்றியிருக்க வேண்டும். என்ன இருந்தாலும் முறை தெரிந்த குரல்.

“நூறு... ரெண்டு தரம்...” இலைகள் மெல்லத் துடித்தன. “கேளுங்கம்மா, கேளுங்கய்யா, தரம் போவுது!”

“இருநூறுங்க,” என்றாள் பிருந்தா. அது தன் ஹோட்டலின் மீன் என்பது அவளுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. தேனிலவுக்கு வந்திருந்த பெங்களூர்ப் பையன் இது ஏதோ சுற்றுலா நிகழ்ச்சி என்று எண்ணி முந்நூறு என்றான். மளிகைக்காரர் நானூறு என்றார். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு ஓடிவந்து ஐந்நூறு என்றான். திறந்து கிடந்த கேட் வழியாகத் தெரு உள்ளே வந்தது. என்ன என்ன என்று கேட்டபடி வந்தவர்கள், வியாகுலம் என்ற பெயரைக் கேட்டதும், எதற்கு என்று கேட்காமல் விலை ஏற்றினார்கள். பாறைக்கு நெய்மீன் விலை வந்தது, நெய்மீன் விலை போய் இறால் விலை வந்தது, அதற்குமேல் எந்த மீனுக்கும் இல்லாத விலைகள் வந்தன. ரூபாய் ஓய்ந்தபோது ஒருவன் தன் ஒருநாள் மீன்பாட்டை முழுசாகத் தருகிறேன் என்றான். ஒருத்தி வீட்டுக் கொல்லைத் தென்னையை விலையாகச் சொன்னாள். பெங்களூர்ப் பையன் கைக்கடிகாரத்தைக் கழற்ற, “அது எங்கப்பா வாங்கிக் கொடுத்தது!” என்று அவன் மனைவி அலறிவிட்டு, பிறகு அவளே தன் மோதிரத்தைச் சொன்னாள். எல்லோருக்கும் தெரியும், களத்தில் சொன்ன சொல் சொல்தான், பின்னால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று கைவிரிக்க முடியாது. தெரிந்துதான் கேட்டார்கள்.

கஸ்பாரின் குரலில் ரத்தத்தின் ருசி வந்துவிட்டது. ஒவ்வொரு தரத்துக்கும் அது ஓர் இழை அறுந்தது. “ரெண்டு... தரம்...” என்று அவர் சொல்லி நிறுத்தினார். கேட்க யாரிடமும் எதுவும் மிச்சமில்லை. இலைகள் படபடத்தன. ரயில் கூவுவது தூரத்தில் கேட்டது. கஸ்பார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாந்தரம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

அப்போது மணி அடித்தது. கூட்டத்தின் பின்னால் ஐஸ் கம்பெனி அருளப்பன் சைக்கிள் மணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். உதடுகள் அசைந்தன. எதை விலையாகக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது, ஐஸ் கம்பெனியையே சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் ஓர் ஏலக் கேள்விதான். “கேட்டாச்சு! அருளப்பன் அண்ணாச்சி கேட்டாச்சு!” என்று பேச்சிமுத்து குதித்தார்.

அந்த மணி ஓய்வதற்குள் வியாகுலம் வந்துவிட்டாள். தலையில் காலி வட்டி, காலில் செருப்பில்லை, ரயில்வே கேட்டிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்த புழுதி முழங்கால் வரைக்கும். வலதுகையை உயர்த்தி வட்டியைப் பிடித்தபடி கூட்டத்தைப் பிளந்து வந்து கூண்டில் ஏறினாள்.

“ஆஜர்,” என்றாள்.

வேப்ப மரம் பெருமூச்சு விட்டது. எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அந்தச் சத்தம் அடங்குமுன்பே, கொஞ்சமும் இடைவெளி விடாமல், குரல் அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

“சந்தியாகு மகன் கஸ்பார்!”

கஸ்பார் கூண்டுக்கு எதிரேதான் நின்றார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். ஓட்டைச் சங்கில் ஊதியதைப்போல வெறும் காற்று. பிருந்தா வெந்நீரோடு ஓடிவந்தாள், யாரோ தேன் என்றார்கள், பேச்சிமுத்து அவர் முதுகில் தட்டி, “ஒரு வார்த்த வே, மூணே எழுத்து!” என்றார்.

“சந்தியாகு மகன் கஸ்பார்!”

காற்று உள்ளே இழுபட ஆரம்பித்தது. இலை, தூசி, பிருந்தாவின் துப்பட்டா எல்லாம் வராந்தா பக்கம் சாய்ந்தன. வியாகுலம் கூண்டில் நின்று அண்ணனைப் பார்த்தாள். நேருக்கு நேராக, பல வருஷத்துக்குப் பின். அவர் கண்களில் வேண்டுதல் எதுவும் இல்லை. வரட்டும் என்று நின்றார். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். அன்று அவர் செய்ததும் அவ்வளவுதான், கொஞ்ச நேரம் பொறுக்காமல் இருந்ததுதான். கூட்டத்துக்கும் அது தெரியும், அதனால்தான் யாரும் அவளைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

வியாகுலத்தின் பார்வை படியில் கிடந்த பாறை மீனுக்கு இறங்கியது.

“இது ஏலம் முடிஞ்சாச்சா?” என்று கேட்டாள்.

“மூணாந்தரம் சொல்லலியே தாயி,” என்றார் பேச்சிமுத்து.

“அப்ப நான் கேக்கேன்.” அவள் வலதுகையைத் தூக்கினாள். “என் கழுத்துச் சங்கிலி.”

அது அவள் கழுத்தில் இல்லை. வள்ளத்துக்காக அடகு வைத்தது மீளவேயில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவள் கேட்டாள், ஏலக்காரர் இந்தத் தடவை அவள் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சொல்லக் குரல் இல்லாததால், தன் கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டினார். மூன்றாவது விரலை மடக்கிக் கட்டைவிரலால் இறுகப் பிடித்துக்கொண்டார். காற்று நின்றது.

“நான் ஓடியாந்தேன்,” என்று வியாகுலம் ஆரம்பித்தாள். அடகுக் கடையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தான் என்று சொன்னாள். மணல் எப்படிச் சுட்டது என்று சொன்னாள். வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் அப்பா அவளுக்கென்று செதுக்கிய சின்னச் சிலுவையைப் பற்றி, கேரளாவிலிருந்து புருஷன் போனில் பேசும்போது பின்னால் கேட்கும் வேற்றூர்ச் சத்தங்களைப் பற்றி, ஒவ்வொரு ஏலத்திலும் அடுத்தவள் வாயால் விலை சொன்னதைப் பற்றிச் சொன்னாள். ஏசினாள். நடுவில் பக்கத்து வீட்டுக்காரி, “அவரு கை நடுங்குது வியாகுலம்,” என்று சொன்னதற்கு, “நடுங்கட்டும், நான் இன்னும் முடிக்கல,” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். கஸ்பாரின் தூக்கிய கையைப் பேச்சிமுத்து ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்தார்கள். சமையல்காரர் எல்லோருக்கும் சோறு கொண்டுவந்தார். வெயில் சாய்ந்து, கூண்டின் நிழல் நீண்டு வந்து பாறை மீனை மூடியபோது அவள் சொல்வது குறைந்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது.

“அன்னைக்கு என்னயப் பாத்தியா, பாக்கலியா?”

கஸ்பார் தன்னைத் தாங்கியிருந்த கைகளை விலக்கினார். மூன்றாவது விரலைத் தானாகவே விரித்தார்.

“சந்தியாகு மகன் கஸ்பார்!” என்று மூன்றாவது முறை கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். மணலில் படகை இழுப்பதுபோல, அடித்தொண்டையிலிருந்து எதுவோ உராய்ந்து உராய்ந்து ஏறி வந்தது.

“பாத்தேன்.”

“ஆஜர்னு சொல்லும் வே!” என்று பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். காற்று அசையவில்லை. அந்தச் சொல் கணக்கில் சேருமா, முறைப்படி வேறொன்றையல்லவா சொல்லியிருக்க வேண்டும், அது யார் காதிலாவது விழுந்ததா, அல்லது அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்துத் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்களா என்று கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. பிறகு எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். வியாகுலம் வட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கி, அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சத்தமாச் சொல்லுண்ணே,” என்றாள். “கேட்டுக்கு வெளிய நிக்கவங்களுக்குக் கேக்கல.”